தவ்லத் கடித்த ரொட்டி

அறை 6, தொழிலாளர் விடுதி,
மாஸ்கோவுக்கு வெளியே
9 நவம்பர் 2025

அன்புள்ள ஷமீரா லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூக்கு மட்டும் என்னுடையது மாதிரி தெரியவில்லை, குளிரில் மரத்துக் கிடக்கிறது. உம்மாவுக்கு முட்டிவலி எப்படி?

உன் பள்ளிக்கூட முகவரிக்கு ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். இங்கே வாட்ஸ்அப் கால் போவதில்லை. பாதி நாள் நெட்டே இல்லை. கிடைக்கிற நாளில் போன் போட்டால் யூனுஸ் மச்சான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தன் டிராவல்ஸ் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேட்க வைக்கிறார். "என் மச்சினன், ரஷ்யாவுல இருந்து" என்று அவர் பெருமையடிக்கும்போது நான் என்ன உண்மையைப் பேச முடியும்?

உன் வீட்டுக்காரர் என்பதற்காக மறைக்க மாட்டேன். சூப்பர்வைசர் வேலை என்று அவர் சொன்னது பொய். கம்பி கட்டுகிற வேலை. என் சிவில் டிப்ளமோவை இங்கே யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சென்னை ஏஜென்ட் சொன்னதைத்தான் மச்சான் சொல்லியிருப்பார், அதையும் எழுதிவிடுகிறேன்.

அறையில் எட்டு பேர். என்னைத் தவிர எல்லாரும் தஜிக், கிர்கிஸ். ரஷ்யாவுக்குத் தெற்கே மலைநாடுகள். அங்கே பிழைப்பு இல்லை. நம் முத்துப்பேட்டை ஆம்பிளைகள் துபாய், சவூதி என்று கிடக்கிற மாதிரி இவர்கள் ரஷ்யாவில் கிடக்கிறார்கள். தவ்லத் என்று ஒரு தஜிக்காரர், நாற்பது வயது இருக்கும், நான் இந்தியன் என்று கேட்டதும் இந்திப் பாட்டாகப் பாட ஆரம்பித்துவிட்டார். அவர்கள் ஊரில் இந்திப் படம் என்றால் உயிராம். எனக்கு ஒரு வரி புரியவில்லை. என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இந்தியே தெரியாத இந்தியனை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். சாப்பாட்டு விரிப்பில் வட்டமான ரொட்டி ஒன்றை எடுத்து, கிழித்து, மிச்சத்தைக் கவிழ்த்து வைத்தேன். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தவ்லத் கையை நீட்டி அதை நிமிர்த்தி வைத்தார். ரொட்டியைக் கவிழ்ப்பது இவர்களுக்குப் பெரிய அவமரியாதை என்று பிறகுதான் தெரிந்தது. உம்மா கட்டிக் கொடுத்த தம்ரூட்டு இனிப்பை எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

உம்மாவுக்கு சலாம்.

உன் தம்பி,
ஃபாஜில்


முத்துப்பேட்டை
7 டிசம்பர் 2025

தம்பி ஃபாஜிலுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் மூக்கு சீக்கிரம் உயிர் பிழைக்க துஆ செய்கிறோம். உம்மாவின் முட்டி மழைக்கு வழக்கம் போல அழுகிறது. நான் நலம். யூகேஜி பிள்ளைகள் என்னை நலமாக விட்டால்.

மழை கொட்டித் தீர்த்துவிட்டது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் சம்பா முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. வடிந்த பிறகு பார்த்தால் பாதிப் பயிர் அழுகிவிட்டது. கடலும் ஒரு வாரம் மூடிக் கிடந்தது. அதனால் யூனுஸ் மச்சான் கடையில் இப்போது ஒரே கூட்டம். "ரஷ்யாவுக்கு ஆள் வேணுமா பாய்?" என்று வயல்காரர் பிள்ளையும் வருகிறான், படகுக்காரர் பிள்ளையும் வருகிறான். மீன் விற்கிற நாகரத்தினம் அக்கா மகன் ஜெயபாலைத் தெரியுமே, அவனும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான்.

மச்சான் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். நீ அங்கே நல்லபடியாக இருப்பதாக உன் கையால் ஒரு கடிதம் எழுது. பையன்களின் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துப் படித்துக் காட்டுவாராம். போன் பேச்சை நம்பாதவர்கள் கையெழுத்தை நம்புவார்களாம். நீ கம்பி கட்டுவதை நான் அவரிடம் கேட்டேன். "ஆரம்பத்துல அப்படித்தான்" என்றார். அதற்கு மேல் என் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு இல்லை என்று உனக்கே தெரியும்.

ரொட்டிக் கதையை உம்மாவிடம் சொன்னேன். உடனே அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நீ கிளம்புகிற அவசரத்தில் ஒரு தம்ரூட்டுத் துண்டைக் கடித்துவிட்டு, வேன் வந்ததும் மிச்சத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஓடினாய். நீ ஏர்போர்ட் போய்ச் சேருவதற்குள் அதை எறும்பு தின்றுவிட்டது. நம் வீட்டு மரியாதை அவ்வளவுதான்.

கம்பளி போட்டுக்கொள். தொப்பியைக் கழற்றாதே.

துஆவுடன்,
ஷமீரா


அறை 6
4 ஜனவரி 2026

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். தொப்பியைக் கழற்றவில்லை, குளிக்கும்போது தவிர. குளிப்பதும் அடிக்கடி இல்லை.

எறும்புக் கதையைத் தவ்லத்திடம் கையும் காலும் ஆட்டிச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை. போனில் மொழிபெயர்ப்பு போட்டு, அவர் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொன்னார். வீட்டை விட்டுத் தூரம் போகிறவன் ஒரு புது ரொட்டியில் ஒரு கடி கடிக்க வேண்டும். மிச்சத்தைத் துணியில் கட்டிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். அவன் திரும்பி வந்துதான் அதை முடிக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. கூலாப் என்ற ஊரில் தவ்லத்தின் வீட்டுச் சுவரில் அவர் கடித்த ரொட்டி நான்கு வருடமாகத் தொங்குகிறது. கடைசிப் பெண் பிறந்ததை அவர் போனில்தான் பார்த்தார்.

இவரைப் பற்றி நிறைய எழுத வேண்டும் போல இருக்கிறது. கம்பி கட்டுவது எனக்கு வரவில்லை. கையுறையோடு கட்டினால் முறுக்கு நிற்காது, கழற்றினால் விரல் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். தவ்லத், கம்பி முறுக்குகிற என் கொக்கியை வாங்கி, பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கொடுத்தார். என் பங்கு முடியாத நாளில் அவர் வேலை முடிந்ததும் என் வரிசைக்கு வந்து நிற்பார். கிர்கிஸ்காரன் பகீத் என் வயது. வேலை முடிந்து வந்து எட்டு பேருக்கும் சூப் வைப்பான். யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் அவன் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஃபோர்மேனுக்குத் தெரியவே தெரியாது.

இப்பேர்ப்பட்ட ஆட்களை இந்த ஊர் எப்படி நடத்துகிறது தெரியுமா? மெட்ரோ வாசலில் போலீஸ் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து போகிறாள். இங்கே நிற்கிற பாதிக் கட்டடம் இவர்கள் கை பட்டது. அதே கட்டடத்தின் வாசலில் நிறுத்தி, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறார்கள்.

இன்னொன்றும் புரிந்துகொண்டேன். தஜிக்காரர்களை ஒவ்வொருவராக வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில்தான் எங்களைக் கொண்டுவருகிறார்கள். நான் படுக்கிற கட்டில் தவ்லத்தின் தம்பி பர்வேஸ் படுத்தது. பர்வேஸ் எங்கே என்று கேட்டேன். தவ்லத் அவன் போட்டோவைச் சுவரில் நேராக்கி வைத்தார். தன் தம்பி கட்டிலில் படுத்திருக்கிற எனக்குத்தான் தினமும் முதல் டீயைக் கொடுக்கிறார்.

மச்சான் கேட்ட கடிதத்தைப் பிறகு எழுதுகிறேன்.

உன்,
ஃபாஜில்


முத்துப்பேட்டை
30 ஜனவரி 2026

தம்பிக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம். உம்மாவுக்குப் புது மாத்திரை கொஞ்சம் கேட்கிறது.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை படித்தேன். பிறகு ஒரு வேலையாக ரயிலில் நீடாமங்கலம் போனேன். வழியெல்லாம் வயலில் கோடை நடவு. நடுகிறவர்கள் எல்லாம் வங்காளத்து ஆட்கள். ஸ்டேஷனில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் "எந்திரிடா, இந்திக்காரா" என்று எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். நான் எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. எழுந்து நின்று அவரிடம், "அவங்க நட்டாத்தான் அண்ணே உங்களுக்குச் சோறு" என்றேன். "வாத்தியாரம்மா, உங்க வேலையப் பாருங்க" என்றார்.

மச்சான் கடிதம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஐந்து பையன்கள் முடிவாகிவிட்டார்களாம். பிறகு என்றால் எப்போது?

ஷமீரா


அறை 6
22 பிப்ரவரி 2026

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்லா இருக்கேன். நோன்பு தொடங்கிவிட்டது. பகல் குறைவு, அதனால் கஷ்டம் இல்லை. உம்மா மாத்திரை சாப்பிட்டுவிட்டு நோன்பு வைக்கிறார்களா? டாக்டரிடம் கேட்டு வைக்கச் சொல்.

தவ்லத் இப்போது அறையில் இல்லை. கட்டில் காலியாக இருக்கிறது. நான் நல்லா இருக்கேன்.

போன் என்னிடம் இல்லை. கூப்பிட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேலை நடக்கிறது. நல்லா இருக்கேன் என்று உம்மாவிடம் சொல்.

ஃபாஜில்


முத்துப்பேட்டை
15 மார்ச் 2026

ஃபாஜில்,

ஸலாம். ஒரு கடிதத்தில் மூன்று முறை நல்லா இருக்கேன் என்று எழுதுகிறவன் நல்லா இல்லை. நான் யூகேஜி டீச்சர். பேன்ட்டை நனைத்துவிட்டு "ஒண்ணும் இல்ல மிஸ்" என்று நிற்கிற முகத்தைத் தினமும் பார்க்கிறவள்.

தவ்லத் எங்கே? உன் போன் எங்கே?

இங்கே விஷயம் வேகமாகப் போகிறது. பெருநாள் முடிந்து, ஏப்ரல் 26 ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டுக் கூடத்தில் ஐந்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறார். பாத்திஹா ஓதி, சாப்பாடு போட்டு, அடுத்த வாரம் பையன்கள் கிளம்புகிறார்கள். இந்தத் தடவை கட்டட வேலை கிடையாதாம். குடோன் காவலாம். உட்கார்ந்த இடத்தில் இரண்டு மடங்குச் சம்பளம், போனதும் ஒரு கையெழுத்து போட்டால் போதும் என்று சொல்கிறார். நாகரத்தினம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தம்பி இருக்கான்ல, என் புள்ளயப் பாத்துப்பான்ல?" என்று கேட்டது. தலையை ஆட்டிவிட்டேன்.

உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்ட வேண்டுமாம். அதற்குள் எழுது. என்ன இருக்கிறதோ அதை எழுது.

உம்மா தொழுகைப் பாயை விட்டு எழுவதில்லை. நான் எதுவும் சொல்லவில்லை, அவர்களாகவே.

ஷமீரா


அறை 6
2 ஏப்ரல் 2026

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் உடம்பில் ஒரு காயமும் இல்லை. முதலில் இதை உம்மாவிடம் சொல்லிவிட்டு மேலே படி.

குடோன் காவல் என்று படித்ததும் பகீத் புதிதாக வாங்கிய போனில் இருந்து கூப்பிட்டேன். எனக்கு மனப்பாடமாக இருப்பது மச்சான் நம்பர் ஒன்றுதான். அவர் எடுத்தார். "மச்சான், பசங்கள அனுப்பாதீங்க" என்றேன். "கேக்குது கேக்குது, நல்லா இருக்கியா, சந்தோஷம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கடையில் யாரோ இருந்திருக்க வேண்டும். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதுதான் அவர் கேட்ட கடிதம். ஒரு வரி விடாமல் படி.

நோன்புக்கு முந்தின வாரம் மேனேஜர் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு அறைக்கு வந்தார். குடோன் காவல், இரண்டு மடங்குச் சம்பளம் என்றார். தாள் முழுக்க ரஷ்யன். அடுத்த அறையில் இருந்த இரண்டு வடநாட்டுப் பையன்கள் போட்டுவிட்டார்கள். நானும் பேனாவை வாங்கிவிட்டேன் லாத்தா. விரல் வெடித்து ரத்தம் வருகிற குளிரில், உட்கார்ந்த இடத்தில் வேலை என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தவ்லத் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தார். தாளை எட்டிப் பார்த்தார். பேனாவை என் கையில் இருந்து பிடுங்கினார். சுவரில் இருந்த பர்வேஸின் போட்டோவைக் கழற்றி அந்தத் தாள் மேல் வைத்தார். பிறகு இரண்டு கையாலும் துப்பாக்கி பிடித்துக் காட்டினார். போட்டோவைக் கவிழ்த்தார்.

அது பட்டாளத்துக்கான ஒப்பந்தம். பர்வேஸ் அதே தாளில் குடோன் என்று நம்பிப் போட்டவன். எந்த ஊர் மண்ணில் கிடக்கிறான் என்றுகூடத் தவ்லத்துக்குத் தெரியாது. ரொட்டியையே கவிழ்க்காத மனுஷன், எனக்குப் புரியவேண்டும் என்று தம்பியின் முகத்தைக் கவிழ்த்தார்.

மேனேஜர் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். தவ்லத்துக்கும் தெரியும், என்ன நடக்கும் என்று. தெரிந்துதான் செய்தார். நான் அவருக்கு யார்? அவர் ஆட்களைத் துரத்திவிட்டுக் கொண்டுவந்த கூலி. அவர் தம்பியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டவன்.

முதல் நோன்பு. விரிப்பைப் போட்டு, ரொட்டியை வைத்து, நேரத்துக்குக் காத்திருந்தோம். போலீஸ் வந்தது. எட்டு பேரில் தவ்லத் பெயரை மட்டும் கூப்பிட்டார்கள். அவர் பதிவு முடிந்துவிட்டதாம். புதுப்பிக்கவேண்டிய கம்பெனிதான் புதுப்பிக்கவில்லை. எங்கள் எல்லார் போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். தவ்லத் ஒரு நிமிடம் கேட்டார். நேரம் ஆகிவிட்டதா என்று பகீத்தைப் பார்த்தார், அவன் தலையாட்டினான். பிஸ்மி சொல்லி, விரிப்பில் இருந்த ரொட்டியில் ஒரே ஒரு கடி கடித்தார். மிச்சத்தை நிமிர்த்தி வைத்தார். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அந்த ரொட்டியைப் பகீத் துணியில் கட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறான். அன்றைக்கு நோன்பு திறக்க அந்த ஒரு ரொட்டிதான் இருந்தது. யாரும் தொடவில்லை. பேரீச்சம்பழமும் தண்ணீருமாக எழுந்துவிட்டோம்.

கையெழுத்துப் போட்ட இரண்டு பேரையும் லாரியில் ஏற்றினார்கள். இன்று வரை சத்தம் இல்லை.

ஜெயபாலின் அம்மாவுக்குச் சொல்: நான் இங்கே யாரையும் பார்த்துக்கொள்ள முடியாது. என்னையே ஒரு தஜிக்காரர்தான் பார்த்துக்கொண்டார். அவரையும் எடுத்துவிட்டார்கள்.

ஃபாஜில்


முத்துப்பேட்டை
28 ஏப்ரல் 2026

என் தம்பிக்கு,

ஸலாம். நீ உயிரோடு இருப்பதற்கு அல்லாஹ்வுக்கும் தவ்லத்துக்கும் நன்றி. உம்மா இதே வரிசையில்தான் சொன்னார்கள்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மச்சானிடம் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகை முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஆலிம்சா ஓதி முடித்தார். உள்ளே பிரியாணி தம்மில் இருந்தது. மச்சான் சிரித்துக்கொண்டே, "ஷமீரா, தம்பி எழுதினதப் படி" என்றார். உன் சலாமில் இருந்து ஆரம்பித்தேன்.

"என்ன இது?" என்று நடுவில் எழுந்தார். "நீங்க கேட்ட கடிதம்தான்" என்றேன். நிறுத்தவில்லை. எனக்கே தெரியாது, என் குரல் அவ்வளவு பெரியது என்று.

போட்டோவைக் கவிழ்த்த இடம் வந்ததும் நாகரத்தினம் அக்கா, "அத மறுபடி படி" என்றது. படித்தேன். ஜெயபால், "குடோன்னுதானே பாய் சொன்னீங்க?" என்று கேட்டான். மச்சான் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார். அவருக்கு முழுக்கத் தெரியுமா என்று நீ கேட்பாய். தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்றும் நினைக்கிறேன். இரண்டு நாளாகக் கடையில்தான் படுக்கிறார்.

எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள் என்று நினைக்காதே. மூன்று வீட்டார் அன்றைக்கே பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டார் நீ பொறாமையில் எழுதியதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். நாகரத்தினம் அக்கா அடுத்த நாள் மீன் கூடையோடு என்னை நடுத்தெருவில் நிறுத்தியது. "உன் தம்பி போயி சம்பாதிக்கலாம், என் மவன் மட்டும் கடல்லயே சாகணுமா? போட்டுக்கு டீசல் நீ ஊத்துவியா?" இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

பிரியாணியை யாரும் தொடவில்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம்.

நீ எப்போது வருகிறாய்? தவ்லத்தைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?

ஷமீரா


அறை 6
24 மே 2026

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். இந்தத் தடவை ஒரு முறைதான் எழுதுகிறேன், நம்பு.

நாகரத்தினம் அக்கா கேட்டது நியாயம். ஊரில் பிழைக்க வழி இருந்தால் நானும் தவ்லத்தும் சந்தித்தே இருக்க மாட்டோம்.

தவ்லத் உயிரோடு இருக்கிறார்! இரண்டு மாதம் அடைத்து வைத்துவிட்டு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். போன வாரம் பகீத் போனுக்கு வீடியோவில் வந்தார். நெட் விட்டு விட்டு வந்தது. ஆள் பாதியாகிவிட்டார். முன்பல் ஒன்று இல்லை. எங்கே போனது என்று கேட்டேன். சுவரில் தொங்கிய ரொட்டியைக் கடித்ததில் போய்விட்டது என்று சிரித்தார். பகீத் என்னைப் பார்த்தான், நான் பகீத்தைப் பார்த்தேன். ரொட்டியால் போன பல் இல்லை அது. நாங்களும் சிரித்தோம்.

வீட்டு ரொட்டி செங்கல் மாதிரி இருந்ததாம். மனைவி டீயில் ஊறவைத்துக் கொடுத்தாளாம். கடைசிப் பெண் அவர் மடியில் உட்கார மறுத்து, அந்த ரொட்டி முடிகிற வரை தூரத்தில் நின்றே பார்த்ததாம். முடிந்ததும் வந்து, "இனிமே நீ எங்க வீட்டு ஆளா?" என்று கேட்டதாம்.

இங்கே மாட்டியிருக்கிற ரொட்டியைக் காட்டினேன். "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுடுங்க, எனக்கு அஞ்சு வருஷம் தடை" என்றார். பகீத் முடியாது என்றான். அஞ்சு வருஷம் ரொட்டி தாங்கும். இந்தக் கம்பெனி தாங்குமா என்று பார்ப்போம் என்றான். அறையில் எல்லாரும் அதையே சொன்னார்கள். தவ்லத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நெட் போய்விட்டது.

இந்தியத் தூதரகத்துக்கு எழுதி எழுதி, ஒரு வழியாகப் பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது. ஜூலை முதல் வாரம் வருகிறேன். வந்து என்ன வேலை என்று தெரியாது. மச்சானிடம் என்ன பேசுவது என்றும் தெரியாது.

கொக்கியை மட்டும் எடுத்து வருகிறேன். தவ்லத் சுற்றிக் கொடுத்த டியூப் இன்னும் கழலவில்லை.

ஃபாஜில்


முத்துப்பேட்டை
14 ஜூன் 2026

என் தம்பிக்கு,

ஸலாம். இது நீ கிளம்புவதற்குள் வந்து சேரவேண்டும் என்று துஆ செய்து தபாலில் போடச் சொல்கிறேன். கொண்டு போகிறவன் ஜெயபால். அவன் போகவில்லை. மறுபடி கடலுக்குத்தான் போகிறான். நாகரத்தினம் அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு இலைச் சுருளில் கொடுவா மீன் இருந்தது. காசு கொடுக்க ஓடினேன், ஆளைக் காணோம்.

பொறாமை என்று சொன்ன வீட்டுப் பையன் மட்டும் வேறு ஏஜென்டைப் பிடித்திருக்கிறான். அவன் வீட்டுக்குத் தினமும் சாயங்காலம் போகிறேன். கதவைச் சாத்துகிறார்கள். நாளைக்கும் போவேன்.

மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு வரி எழுதச் சொல்லி இடம் விட்டுக் கொடுத்தேன். பேனாவை வாங்கித் திறந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "ஏர்போர்ட்டுக்கு வண்டி நான் சொல்றேன்" என்றார். அந்த இடத்தை அப்படியே வெறுமையாக விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.



உம்மாவுக்குத்தான் எறும்பு தின்ற தம்ரூட்டு மனசை விட்டுப் போகவில்லை. "புள்ள கடிச்சத எறும்பு தின்ன விட்டேனே, அதான் அவ்வளவு கஷ்டம்" என்று ஒரே புலம்பல். அப்படியெல்லாம் கிடையாது என்றால் கேட்பதில்லை. நேற்று முட்டிவலியோடு அடுப்படியில் நின்று ரவையைக் கிண்டி, முட்டையும் நெய்யும் ஊற்றிப் புதிதாகச் செய்துவிட்டார்கள். நீ வருவதற்குள் கெட்டுப்போகும் என்றேன். கெட்டால் மறுபடி செய்வார்களாம். மறுபடி கெட்டால் மறுபடியுமாம்.

ஒரு துண்டை வெட்டி, நீ விட்டுப்போன அதே ஜன்னல் கட்டையில், தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். எறும்பு தட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. உம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சீக்கிரம் வா.

ஷமீரா